வெல்ஷ் கொண்டுவராத கடிதமும் மருது ஒட்டிய காகிதமும்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் சிவகங்கைச் சீமையில் ஒரு சுவர்கூடச் சும்மா இருக்காது. 24ஆம் தேதி திருப்பத்தூர், 27ஆம் தேதி காளையார்கோவில். கொத்தமங்கலம் மாதிரி செட்டிநாட்டின் ஒரு மூலையில் இருக்கும் ஊரில்கூட டீக்கடைச் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். முறுக்கிய மீசை, கையில் வளரி, பின்னால் ஒரு புலி. கீழே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இருபது முப்பது "மாவீரர்கள்". அவர்களுக்கும் மீசை உண்டு.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அத்தனை பெரிய போஸ்டரில் மருதுபாண்டியர் தானே எழுதிய ஒரு வரியாவது இருக்கிறதா?

இல்லை. எந்த வருடமும் இருந்ததில்லை. அவர் எழுதினார் என்பதே போஸ்டர் அடிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பாதிக்கு அதைப் படிக்க நேரமில்லை!

இத்தனைக்கும் அந்தக் காலத்து ஆட்களின் கடிதங்களை உலகம் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் முதலில் ஒரு பட்டாள அதிகாரி, பிறகு அரசியல்வாதி, பிறகு ஜனாதிபதி. இறந்தது 1799இல். அவர் எழுதியதையும் அவருக்கு வந்ததையும் வரிசைப்படுத்தி அச்சிடும் வேலையை வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1968இல் ஆரம்பித்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் இழுத்த வேலை அது. பண்ணைக்கு விதை வாங்கிய கணக்குக்கூட அதில் வரும். அவரோடு ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஹாமில்டன் என்று எல்லோருடைய கடிதங்களையும் சேர்த்து 2013இல் அமெரிக்க அரசு இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் படிக்கலாம்.

ஜெயித்தவன் கடிதம் என்பதால் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் கடிதங்களும் 1859இல் மூன்று தொகுதிகளாக வந்துவிட்டன. அங்கே தோற்றுப் போன அதே ஆள்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு சண்டை போட்டார். சென்னை மவுண்ட் ரோட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே தாமஸ் மன்றோ, அவரும் பட்டாளக்காரராக வந்து கவர்னராகச் செத்தவர். 1827இல் செத்தார், 1830இல் அவர் வாழ்க்கையும் கடிதங்களும் லண்டனில் புத்தகமாகிவிட்டன. மூன்றே வருடம்!

இப்போது சின்ன மருதுவை அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். அவரும் அதே ரகம்தான். முத்துவடுகநாதர் காலத்தில் படையில் இருந்தவர். 1772இல் காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டதும் வேலுநாச்சியாரோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போய், ஹைதர் அலியின் துணையோடு 1780இல் சீமையை மீட்டுத் திரும்பியவர். அதன் பிறகு சுமார் இருபது வருடம் பிரதானியாக இருந்து சிவகங்கையை நடத்தியவர் அவர்தான். அண்ணன் பெரிய மருதுவுக்கு வேட்டையில்தான் நாட்டம். வரி, நியாயம், நிர்வாகம் எல்லாம் தம்பி தலையில். இருபது வருடம் ஒரு சீமையை நிர்வாகம் செய்த மனிதர் எத்தனை ஓலை எழுதியிருப்பார்? நவாபுக்கு, தஞ்சாவூருக்கு, கம்பெனி கலெக்டருக்கு, விருப்பாச்சி கோபால நாயக்கருக்கு... அந்த ஓலைகளெல்லாம் எங்கே?

சரி, அவரைப் பற்றி நமக்கு இன்று தெரிந்த விஷயங்கள் எங்கிருந்து வந்தன? மேடையில் ஏறினால் எல்லோரும் சொல்வார்கள். சின்ன மருது கருத்த நிறம், தாட்டியான உடம்பு, சிரித்த முகம், சிறுவயலில் காவலே இல்லாத வீட்டில் இருந்தார், யாரும் உள்ளே போகலாம் வரலாம். பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். இத்தனையும் யார் எழுதியது? ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. 1795இல் சிறுவயலுக்கு வந்து பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று அவரே எழுதுகிறார். ஆறு வருடம் கழித்து அதே மருதுவைக் காட்டில் மிருகத்தைத் துரத்துவதுபோலத் துரத்திய படையில் இருந்தவரும் அவர்தான். தொடை எலும்பு முறிந்து கைதியாகக் கிடந்ததையும் பார்த்தார். அண்ணன், தம்பி, பிள்ளை என்று தூக்கில் தொங்கியதையும் பார்த்தார். நாட்குறிப்பைப் புரட்டி 1830இல் இரண்டு தொகுதிப் புத்தகம் போட்டார்.

ஆக, மருதுவின் முகம்கூட நமக்கு அவரைத் துரத்தியவர் கொடுத்த முகம். அதற்காக வெல்ஷைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் எழுதாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் அவரை "நல்ல வெள்ளைக்காரர்" ஆக்கி மேடையில் கண்ணீர் விடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. மருதுவுக்காக அத்தனை வருத்தப்பட்ட அதே வெல்ஷ்தான் 1809இல் வேலுத்தம்பிக்கு எதிராக ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரைத் தாண்டிய படைக்கு முன்னால் போனவர். வருத்தம் ஒரு பக்கம், உத்தியோகம் ஒரு பக்கம். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை. குழப்பிக்கொள்வதெல்லாம் நம்மவர்கள்தான்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாசலில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஸ்ரீரங்கம் கோவில் மதிலில் இன்னொன்று. கம்பெனிப் பட்டாளம் முகாம் போட்டிருக்கிற ஊருக்குள்ளேயே போய் ஒட்டியிருக்கிறார்கள்! பாஞ்சாலங்குறிச்சி மே மாதம்தான் விழுந்திருந்தது. ஊமைத்துரை தப்பி சிறுவயலுக்கு வந்து சேர்ந்திருந்தார். கர்னல் அக்னியூவின் படை பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அந்த நெருக்கடியில் உட்கார்ந்து எழுதியது அது.

யாருக்கு எழுதினார்? ஜம்புத்தீவில் இருக்கிற எல்லோருக்கும். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு என்று இல்லை, தன் சாதிக்காரர்களுக்கு என்று இல்லை. நான்கு வருணத்தையும் சொல்லி, முஸ்லிம்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறார். கம்பெனிப் பட்டாளத்தில் சம்பளம் வாங்கும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் வரைக்கும் தனித்தனியாகக் கூப்பிடுகிறார். என்ன சொல்கிறார்? நவாப் முகமது அலி முட்டாள்தனமாக ஐரோப்பியருக்கு இடம் கொடுத்துவிட்டு இப்போது கைம்பெண் மாதிரி நிற்கிறார். வந்தவர்கள் நம்பிக்கையை மீறி நாட்டைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டு ஜனங்களை நாயாக நடத்துகிறார்கள். ஜனங்களின் சோறு தண்ணீராகிவிட்டது. இத்தனைக்கும் காரணம் உங்களுக்குள் ஒற்றுமை இல்லாததும் ஒருவரை ஒருவர் அவதூறு பேசிக்கொண்டதும்தான். அதாவது எதிரியைத் திட்டுவதற்குச் சமமாகத் தன் ஆட்களையும் திட்டுகிறார். இந்தப் பகுதியைத்தான் எந்த மேடையிலும் கேட்க முடியாது. கேட்டால் மேடையில் இருப்பவர்களுக்கே உறைக்கும்.

அரசியலாகவும் அது ஏதோ ஆவேசத்தில் எழுதியது அல்ல. அவரவர் நாடு அவரவர் ராஜாவுக்குத் திரும்ப வேண்டும், நவாபுக்கும் அவருடைய இடம் வேண்டும் என்று கணக்காகப் பேசுகிறது. நவாபுக்கு நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் எழுதிய ஆறு வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஜூலை நடுவில் நவாப் உம்தத்-உல்-உமாரா இறந்தார். மாதக் கடைசியில் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. மருது கணித்தது அட்சரம் பிசகவில்லை.

அந்தக் காகிதத்தில் இன்னொரு விசேஷம். படித்தவர்கள் எல்லோரும் நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும், அந்த நண்பர்கள் அவர்கள் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பாதவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். முஸ்லிமாக இருந்தால் பன்றி ரத்தம் குடித்த பாவம். சுவரிலிருந்து கிழிப்பவனுக்குப் பஞ்சமாபாதகம். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஃபார்வர்ட் மெசேஜ்! இன்று "பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்ட செய்தி வரும்" என்று அம்மன் படம் வந்தால் உடனே அனுப்புகிறவர்கள், மருது அனுப்பச் சொன்னதை மட்டும் இருநூறு வருடமாக அனுப்பவில்லை.

எல்லாமே சிலாகிக்கும்படி இருக்கிறதா என்றால், இல்லை. ஒத்துழைக்காதவனுடைய மீசையைப் பற்றி அவர் சொல்லும் உவமையை இங்கே எழுத முடியாது. அவன் பெண்டாட்டி பிள்ளை அந்நியனுக்குச் சொந்தமாகட்டும் என்று சபிக்கிறார். ஆண்பிள்ளையைத் தண்டிக்க வீட்டுப் பெண்ணைத்தான் இழுக்க வேண்டுமா என்ன? வேலுநாச்சியாரின் கீழே வேலை பார்த்தவர் எழுதியது இது! அதோடு, நான்கு வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களை அந்த அறிக்கை பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. இதையெல்லாம் பேச வேண்டும், சண்டை போட வேண்டும். படித்தால்தானே சண்டை போட முடியும். புலிப் படத்தோடு யார் சண்டை போடுவது?

எல்லாவற்றையும்விட வேதனையான விஷயம் வேறு. இந்த அறிக்கையின் தமிழ் மூலம் கையில் இல்லை. சுவரிலிருந்து எடுத்துப் போனவர்கள் கம்பெனிக்காரர்கள். படித்தவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் பெயர்த்துக் கோப்பில் வைத்தவர்களும் அவர்கள். இன்று தமிழ்ப் புத்தகங்களில் இருப்பது அந்த ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்கு வந்தது. அதனால்தான் புத்தகத்துக்குப் புத்தகம் வார்த்தை மாறுகிறது. "ஐரோப்பியக் கீழ்மக்களின் ஜென்ம விரோதி" என்ற பொருளில் அவர் கையெழுத்துப் போட்டாரே, அந்தக் "கீழ்மக்கள்" என்ற இடத்தில் அவர் போட்ட தமிழ் வார்த்தை என்னவாக இருக்கும்? மொழிபெயர்த்த குமாஸ்தாவுக்குத்தான் வெளிச்சம். நம்மூர் வார்த்தையாக இருந்தால் நிச்சயம் இவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது :)

யாருமே வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. பேராசிரியர் கே. ராஜய்யன் கம்பெனி ஆவணங்களைத் தோண்டி 1971இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். 1800-1801 கிளர்ச்சியைத் தென்னிந்தியப் புரட்சி, முதல் சுதந்திரப் போர் என்று ஆதாரத்தோடு வாதாடியவர் அவர். தமிழில் எஸ்.எம். கமாலும் மீ. மனோகரனும் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்த வேலை அது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு போஸ்டர் அடிக்கிறவர்கள் அந்த மூன்று பெயரைச் சொல்வது கிடையாது. 1959இல் கண்ணதாசன் எடுத்த "சிவகங்கைச் சீமை" படமாவது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2004இல் தபால் தலை வந்தது. கடிதம் இல்லாத ஆளுக்குத் தபால் தலை!

"ஆவணமெல்லாம் வெள்ளைக்காரன் அழித்துவிட்டான், என்ன செய்ய முடியும்" என்று ஒரு பல்லவி உண்டு. பாதி உண்மை. அக்னியூ படை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரி கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று தீ வைத்ததே மருதுவின் ஆட்கள்தான். அங்கிருந்து காளையார்கோவிலுக்கு வழி உண்டாக்க ஒரு மாதத்துக்கு மேல் காடு வெட்டியும் முடியாமல் அந்தப் படை ஒக்கூருக்குத் திரும்பிப் போனது. இன்று அரண்மனைச் சிறுவயல் என்று ஊர்ப் பெயரில் மட்டும் அரண்மனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தீயில் என்னென்ன ஓலை போனதோ, போனது போனதுதான். ஆனால் மருது அடுத்தவர்களுக்கு எழுதி அனுப்பியது அங்கே எரிந்திருக்காதே? கம்பெனிக்கு வந்தது கம்பெனிக் கோப்பில் போயிருக்கும். தஞ்சாவூருக்குப் போனது தஞ்சாவூர் மோடி ஆவணங்களில் தேட வேண்டியது. "இல்லை" என்று சொல்வதற்கும் முதலில் தேடியாக வேண்டும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதமும் பேரேடும் டிரங்குப் பெட்டி டிரங்குப் பெட்டியாக இங்கே பெரிய வீடுகளில் இருந்தன. வீடு பாகம் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்குச் சண்டை, பெல்ஜியம் கண்ணாடிக்குச் சண்டை. காகிதத்துக்கு மட்டும் சண்டை வராது. அது எடைக்குப் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குக்கு விலை உண்டு. தாத்தா எழுதிய கடிதத்துக்குக் கிடையாது. சொந்தத் தாத்தா கடிதத்தையே எடைக்குப் போட்டவர்கள் மருது கடிதத்தைத் தேடப் போகிறார்களா என்று கேட்டால், கோபம் வரும். வரட்டும்.

பினாங்கு என்றதும் துரைச்சாமி. சின்ன மருதுவின் கடைசிப் பிள்ளை. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் அப்பா, பெரியப்பா, சொந்தபந்தம் எல்லோரையும் தூக்கில் போட்டபோது இவனுக்குப் பதினைந்து வயது. சின்னப் பையன் என்று உயிரை விட்டு, விலங்கு மாட்டி, 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். கிழவனைப் போல உடம்பு ஒடிந்த ஒரு கைதி அவர் முன்னால் வந்து நிற்கிறான். யாரென்று தெரியவில்லை. பெயரைக் கேட்டதும்தான் நெஞ்சில் குத்தியது என்கிறார் வெல்ஷ். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் "கிழவனுக்கு" அப்போது முப்பது சொச்சம் வயதுதான். அவன் நிலைமையை மாற்ற வெல்ஷுக்கு வழியில்லை. ஊரில் மிச்சமிருக்கிற குடும்பத்துக்கு ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கக்கூடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று எழுதுகிறார். அத்தோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டு அடுத்த ஊர் வர்ணனைக்குப் போய்விடுகிறார்.

ஒரு கடிதம். பதினாறு வருடம் கழித்து ஒரு பிள்ளை வீட்டுக்கு எழுத நினைத்த ஒரே ஒரு கடிதம். எழுதித்தான் வைத்திருந்தானா, எழுத ஆசைப்பட்டதோடு சரியா, அதுகூடத் தெரிய வழியில்லை. இன்னும் சில பத்தாண்டுகளில் அதே பினாங்கில் நகரத்தார் கடை போட்டார்கள், 1850களில் தண்ணீர்மலையில் கோவில் கட்டினார்கள், வாராவாரம் அங்கிருந்து செட்டிநாட்டுக்குக் கடிதம் வந்தது. அதே கடல்தான். காரைக்குடிக்கு வட்டிக் கணக்கு வந்து சேர்ந்த வழியில் சிறுவயலுக்கு ஒரு காகிதம் வந்து சேரவில்லை.

அக்டோபரில் திருப்பத்தூருக்கு நூறு வேன் எடுக்கிற சங்கங்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பெருமை, ஆளுக்கு ஒரு சாதிக் கொடி. மருது எங்கள் ஆள், இல்லை எங்கள் ஆள் என்று வருடாவருடம் போலீஸ் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எல்லா வருணத்தையும் முஸ்லிமையும் சேர்த்துக் கூப்பிட்ட ஒரு மனிதரின் பெயரால்! ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், அந்த வேன் வாடகையில் பத்து மாணவர்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் உட்கார வைக்கலாம். 1801 மே முதல் அக்டோபர் வரைக்குமான கோப்பை மட்டும் புரட்டச் சொல்லலாம். கிடைக்கிற ஒவ்வொரு வரியையும் அச்சிடலாம், இணையத்தில் போடலாம். அது முடிகிற வரைக்கும் இருக்கிற அந்த அறிக்கையையாவது, திரும்பப் பெயர்த்த தமிழாக இருந்தாலும் பரவாயில்லை, போஸ்டரில் புலி இருக்கிற இடத்தில் முழுசாக அடிக்கலாம். புலிக்கு ஆகிற அதே மைதான் ஆகும்.

காரைக்குடியிலிருந்து பல்லவன் விடிகாலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் எழும்பூர் போய்விடுகிறது. ஆவணக் காப்பகம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.